ஆகாயத்திலே ஆபீஸ், அரக்கோணத்திலே சாவு!

ராணுவ விஷயத்தில் கூலிக்காரன் வாய் திறக்கக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. அரிசி விலையைப் பற்றிப் பேசலாம். போனஸைப் பற்றிப் பேசலாம். பேசினால் தடியடி கிடைக்கும், அது வேறு சங்கதி. ஆனால் விமானம், ராடார், ஏவுகணை என்று ஆரம்பித்தால் போதும், உடனே உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார்கள். "தேசப் பாதுகாப்பு! ரகசியம்! படித்தவர்கள் பார்த்துக் கொள்வார்கள்!"

எவன் வரியில் அந்த விமானம் பறக்கிறது? சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறோமே, அந்த வரியில் பறக்கிறது. எவன் கை அதற்கு ஆணி முடுக்குகிறது? நம்மைப் போன்றவன் கை. அது விழுந்தால் எவன் சாகிறான்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் திருவள்ளூர், திருவாலங்காடு தாண்டி அரக்கோணம். 1999ம் வருஷம் ஜனவரி 11ந் தேதி அங்கே ஒரு விமானம் விழுந்தது. விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக 8 பேர் மாண்டார்கள்.

அந்த 8 பேரைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கதையை அமெரிக்காவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்தச் சரக்குக்குப் பிறந்த வீடு அதுதான்.

கண்ணாடி என்று ஒரு விமானம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் ஒமாஹா என்ற ஊர். அதன் பக்கத்தில் ஆஃபட் விமானத் தளம். அமெரிக்காவின் அணுகுண்டு விமானங்களையும் ஏவுகணைகளையும் ஆட்டிவைத்த தலைமைப் பீடம் அங்கே பூமிக்கு அடியில் இருந்தது. யுத்த வெறியர்களுக்கு ஒரு பயம் பிடித்தது. எதிரியின் ஏவுகணை வந்து இந்த நிலவறையே நாசமாகிவிட்டால், "சுடு" என்று கட்டளையிட யார் மிஞ்சுவார்கள்?

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? ஆபீஸைத் தூக்கி ஆகாயத்தில் வைத்தார்கள். போயிங் கம்பெனியின் இ.சி.-135 என்ற விமானத்துக்குள்ளே மேஜை, நாற்காலி, டெலிபோன், வயர்லெஸ், ரகசியக் குறியீடுகள் வைத்த இரட்டைப் பூட்டுப் பெட்டி, ஒரு ஜெனரல், அவருக்குச் சிப்பந்திகள் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். நிலவறையில் உள்ளது அத்தனையும் கண்ணாடியில் தெரிவது போல மேலேயும் இருக்கிறது என்பதால் அதற்குக் 'கண்ணாடி' என்றே பெயர் வைத்தார்கள். லுக்கிங் கிளாஸ் என்பது அவர்கள் பாஷை. 1967லிருந்து, தரையில் உள்ள கட்டுப்பாட்டு அறைகள் எல்லாம் போனாலும், மின்ட்மன் ஏவுகணைகளை இந்த விமானத்திலிருந்தே கிளப்பிவிடலாம் என்ற ஏற்பாடும் வந்தது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் இரண்டு சாவிகளைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான், அந்தப் பக்கத்து ஊர்கள் சாம்பல்!

1961 பிப்ரவரி 3ந் தேதி தொடங்கி 1990 ஜூலை 24ந் தேதி வரைக்கும், 29 வருஷமும் 5 மாதமும், ராத்திரி பகல், பண்டிகை, புயல் எதுவும் பாராமல் இந்த விமானங்களில் ஒன்று எந்நேரமும் ஆகாயத்தில் இருந்தது.

மில்லில் வேலை செய்கிற தோழர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. இது மூன்று ஷிப்டு வேலை. ஷிப்டுக்கு 8 மணி நேரம். மாற்றாள் வந்து மிஷின் முன்னால் நிற்காமல் நீங்கள் நகர முடியுமா? நகர்ந்தால் நூல் அறுந்துவிடும், மேஸ்திரி கத்துவான், மறுநாள் மெமோ வரும். அவர்களுக்கும் அதேதான். மாற்று விமானம் ஆகாயத்துக்கு வந்து பொறுப்பை ஏற்றுக் கொண்ட பிறகுதான் முதல் விமானம் தரையிறங்கலாம். ராத்திரி மடை திருப்புகிற விவசாயத் தொழிலாளிக்கும் இந்த நியாயம் தெரியும். அடுத்தவன் மண்வெட்டியோடு வரும்வரை வரப்பை விட்டு அசைய முடியாது.

29 வருஷ ஷிப்டில் 2 லட்சத்து 80 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கிறார்கள். அதில் விபத்து ஒன்றுகூட இல்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. பனிக்காற்றில் நின்று சக்கரத்தையும் எஞ்சினையும் பார்த்த மெக்கானிக்கு, எண்ணெய் நிரப்பினவன், விமானத்தை ஓட்டினவன், வயர்லெஸ் கருவி முன்னால் விடியவிடியக் கண் விழித்து உட்கார்ந்தவன், இவர்களுடைய உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழிலாளி தொழிலாளிதான், எந்த நாட்டில் இருந்தாலும்.

ஆனால் அந்த உழைப்பை எதில் கொட்டினார்கள்? 29 வருஷத்தில் அந்த ஷிப்டு ஒரு முழம் துணி நெய்ததா? ஒரு மரக்கால் நெல் விளைத்ததா? ஒரு நோயாளியையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததா? கோடிக்கணக்கான ஜனங்களைக் கொல்லச் சொல்லி ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தது. உலகத்திலேயே பழுதில்லாத உழைப்பு ஒன்றைப் பிடித்து இப்படிக் காக்க வைத்ததுதான் ஏகாதிபத்தியத்தின் சாமர்த்தியம். அதே படையின் குண்டு விமானிகளுக்கு ஒரு கண்ணை மூடிக் கொள்ளக் கறுப்புத் துணி கொடுத்தார்கள். குண்டு வெடிக்கிற வெளிச்சத்தில் திறந்த கண் அவிந்து போனால், மூடி வைத்த கண்ணைத் திறந்து மேற்கொண்டு ஓட்டுவதற்காக! கூலிக்காரனுக்கு இரண்டு கண் இருப்பதைக்கூட ஸ்பேர் பாகமாகக் கணக்குப் போட்டார்கள்.

யாருக்கு இடம்?

1974ல் இன்னும் பெரிதாக ஒன்று வந்தது. போயிங் 747 ஜம்போ விமானத்தை ஜனாதிபதிக்கும் அவருடைய யுத்த மந்திரிக்கும் தளபதிகளுக்கும் பறக்கும் தர்பாராக மாற்றினார்கள். இப்போது இ-4பி என்று அழைக்கப்படும் இந்த விமானம் மொத்தம் 4. ஒன்றில் 112 பேர் வரை இருக்கலாம். நடு ஆகாயத்திலேயே எண்ணெய் பிடித்துக் கொண்டு நாள்கணக்கில் கீழே இறங்காமல் சுற்றலாம். கீழே என்ன நடந்தாலும் சரி.

இந்தக் 'கீழே' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கீழே என்றால் யார்? ஊர். வயல். மில். பள்ளிக்கூடம். நீங்களும் நானும். அமெரிக்கப் பிரஜைகள் கோடிக்கணக்கானவர்களில் அந்த விமானத்தில் ஏறக் கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "யுத்தம் வந்தால் உங்களைக் காப்பாற்ற எங்களால் முடியாது, எங்களை நாங்கள் காப்பாற்றிக் கொள்வோம்" என்று ஆளும் கூட்டம் தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்த சாசனம் இந்த விமானம்.

இதற்கு எதிர்க்கட்சி வாதம் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்துவிட்டேன் என்பார்கள். 'கட்டளையிடுகிறவனைக் கொல்ல முடியாது என்று எதிரிக்குத் தெரிந்தால் எதிரி அடிக்க மாட்டான், ஆகவே இந்த விமானம்தான் சமாதானத்தைக் காக்கிறது' என்பது வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பார்ப்போம்.

1979 நவம்பர் 9ந் தேதி. அமெரிக்க ஆகாயக் காவல் நிலையத்தின் திரைகளில் சோவியத் ஏவுகணைகள் கூட்டம் கூட்டமாக வருவதாகத் தெரிந்தது. ஒரே பரபரப்பு. யுத்த விமானங்கள் கிளம்பின. ஜனாதிபதிக்கான பறக்கும் தர்பாரும் கிளம்பிவிட்டது, ஜனாதிபதியை ஏற்றிக் கொள்ளாமலே! பிற்பாடு விசாரித்தால் சங்கதி என்ன? பயிற்சிக்காக வைத்திருந்த பொய் யுத்த நாடா நிஜ எந்திரத்துக்குள் போயிருந்தது.

ஏழு மாதம் கழித்து, 1980 ஜூன் 3ந் தேதி, மறுபடியும். எண் 0 நிற்க வேண்டிய இடத்தில் 2, 2 என்று வந்தது. வராத ஏவுகணைகளைத் திரை எண்ணிக் காட்டியது. பசிபிக் தளபதியின் பறக்கும் கட்டளை விமானம் ஹவாயிலிருந்து கிளம்பிப் போய்விட்டது. காரணம், கெட்டுப் போன ஒரு சின்னச் சில்லு. விலை 46 சென்ட். பூந்தமல்லி சந்தையில் அந்தக் காசுக்கு அரைக்கட்டு கீரை வரலாம்.

இப்போது சொல்லுங்கள். தலைவர்களின் விமானம் திடீரென்று ஆகாயத்தில் ஏறுவதை எதிரி ராடாரில் பார்த்தால் என்ன நினைப்பான்? "தலைவர்கள் ஓடுகிறார்கள், அடிக்கப் போகிறார்கள்" என்று நினைக்க மாட்டானா? முந்திக் கொள்ளலாம் என்று அவன் கையும் சாவிக்குப் போகாதா? சமாதானத்தைக் காக்கும் யந்திரம் என்கிறார்கள். 46 சென்ட் சில்லு அதைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டது. அன்றைக்கு உலகம் தப்பியது, எந்திரத்தை நம்பாமல் இன்னொரு தரம் சரிபார்த்த மனிதர்களால்தான்.

"சோவியத்திடம் இல்லையா?" என்று ஓர் இளந்தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இருந்தது. 1980களில் இல்யூஷின்-86 என்ற பயணி விமானத்தை மாற்றி அவர்களும் 4 செய்தார்கள். அமெரிக்காவுக்குப் பிறகு செய்தார்கள், போட்டியில் இழுக்கப்பட்டுச் செய்தார்கள், எல்லாம் உண்மை. அதனால் அந்த விமானத்தில் சோவியத் நாட்டுக் கொல்லனுக்கும் குடியானவனுக்கும் இடம் வந்துவிடவில்லை. சோவியத் போன பிறகு ரஷ்ய முதலாளிகளின் ஆட்சியில் அந்த விமானத்துக்கு நேர்ந்த கதி வேடிக்கை. 2020 டிசம்பரில் தாகன்ரோக் என்ற ஊரில் பழுது பார்க்க நின்றிருந்த ஒன்றில் திருடர்கள் புகுந்து வயர்லெஸ் சாமான்களைக் கழற்றிக் கொண்டு போய்விட்டார்கள். உலகத்தின் முடிவைக் கட்டளையிடும் கருவி பழைய இரும்புக் கடைக்கு! நம் ஊரில் தெருக்குழாய்த் திருகை இரவில் கழற்றுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

இ-4பி ஒரு மணி நேரம் பறக்க ஏறக்குறைய 1,60,000 டாலர் ஆகிறது என்று பத்திரிகைகள் கணக்குக் கொடுத்தன. நம் காசில் 1 கோடி ரூபாய்க்கு மேல். 2024-25ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: 31 ஆயிரம் பேர் வெயிலில் ஏரி வெட்டிய ஒரு நாள் கூலி, ஆகாயத்தில் ஒரு மணி நேரப் புகை. அதுவும் பழசாகிவிட்டதாம். புதிதாகச் செய்ய 2024 ஏப்ரலில் 1,300 கோடி டாலருக்கு ஒரு தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். ரூபாயில் 1 லட்சம் கோடிக்கு மேல். யுத்தம் வருகிறதோ இல்லையோ, கம்பெனிக்கு லாபம் வந்துவிட்டது.

ஐராவதம்

இனி நம் ஊர்.

நம் சர்க்கார் 1980களில் தொடங்கிய வேலை அமெரிக்காவின் இந்தத் தர்பார் ஜாதியைச் சேர்ந்ததல்ல, அதற்குத் தம்பி முறை. தரையில் நிற்கிற ராடார் பூமி வளைவுக்கு அந்தப் பக்கம் தாழப் பறந்து வருகிறதைப் பார்க்காது. பனை ஏறுகிறவரைக் கேளுங்கள்: கீழே நிற்கிறவனுக்கு வேலி தெரியும், மரத்தின் மேலே இருப்பவருக்கு அடுத்த ஊர் ஏரி தெரியும். அதே போல ராடாரைத் தூக்கி விமானத்தின் முதுகில் வைத்தால் தூரத்து விமானமும் கப்பலும் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்து நம் சண்டை விமானங்களுக்கு வழி சொல்வார்கள். பறக்கும் கண்ணும் அதுதான், பறக்கும் கட்டளைக் கூடமும் அதுதான்.

இதை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் நாமே செய்வோம் என்று ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இறங்கினார்கள். நல்ல காரியம். ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், நல்ல காரியம். வேலைக்கு ஐராவதம் என்று பெயரும் வைத்தார்கள். இந்திரனுடைய யானை. ஆனால் யானைக்குரிய தட்டைச் சுமக்க அவர்களுக்குக் கொடுத்தது எதை? அவ்ரோ விமானத்தை. ஆங்கிலேயன் வரைந்த படம், கான்பூரில் 1961ல் நாம் பூட்டிப் பறக்கவிட்ட ஜாதி. பயணிகளையும் சாமான்களையும் ஏற்றிப் போக நல்ல வண்டிதான். அதன் முதுகில் தூண் நட்டுச் சுழலும் பெருந்தட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். 1990ல் அந்தத் தட்டோடு முதல் தடவை பறந்தது. 1991ல் பெங்களூரில் இதற்கென்றே தனி நிலையம் ஏற்பட்டது. சோதனைப் பறப்பு வருஷக்கணக்கில் நடந்தது.

அரக்கோணத்தில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 1992ல் திறந்தார்கள். ராஜாளி என்று பெயர். 1999 ஜனவரி 11ந் தேதி, பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில், ஐராவதம் அரக்கோணம் அருகே நொறுங்கி விழுந்தது. மேலிருந்த தட்டு பிய்ந்ததால்தான் விமானம் நிலைகுலைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளே இருந்த 8 பேரில் ஒருவர்கூட உயிரோடு மீளவில்லை.

யுத்தம் நடக்கவில்லை. சத்துருவின் குண்டு படவில்லை. வேலை செய்து கொண்டிருந்தார்கள், செத்தார்கள். பாய்லர் வெடித்துச் சாகிறவனைப் போல. சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவனைப் போல. அமெரிக்காவிலும் இதுதான். 1995 செப்டம்பர் 22ந் தேதி அலாஸ்காவில் இதே மாதிரி தட்டு சுமந்த ராடார் விமானம் ஒன்று கிளம்பும்போதே காட்டு வாத்துக் கூட்டம் எஞ்சினில் அடிபட்டு விழுந்தது. 24 பேர் போனார்கள், அதில் 2 பேர் கானடாக்காரர்கள். உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிற ஏவுகணையைக் கண்டுபிடிக்கக் கோடி கோடியாகக் கொட்டினவர்கள், ஓடுபாதையில் மேய்கிற வாத்தை விரட்ட நாலு ஆளை ஒழுங்காக வைக்கவில்லை.

கடை திறந்தது

அரக்கோணத்தில் சாம்பல் ஆறிய பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம்.

ஒரு மில்லில் மிஷின் வெடித்து ஆள் செத்தால் தொழிலாளி என்ன கேட்பான்? ஏன் வெடித்தது, யார் பொறுப்பு, இனி வெடிக்காமல் இருக்க என்ன செய்வாய் என்று கேட்பான். மில்லை மூடு என்று கேட்க மாட்டான். சர்க்கார் செய்தது என்ன? திட்டத்தை மூட்டை கட்டினார்கள். "நம்மால் முடியாது" என்று முடிவு செய்து கடைக்குப் போனார்கள். 2004ல் இஸ்ரேலோடு ஒப்பந்தம். ராடார் இஸ்ரேலுடையது, விமானம் இல்யூஷின்-76. மூன்று விமானத்துக்கு 110 கோடி டாலர்! முதல் விமானம் 2009 மே மாதம் வந்து இறங்கியது. பாலஸ்தீன ஜனங்களின் வீட்டை இடிக்கிறவன் கைக்கு நம் வரிப்பணம் 110 கோடி டாலர் போயிற்று என்பதையும் மறந்துவிடக் கூடாது.

"நம்மால் முடியாது" என்பது உண்மைதானா? அல்ல. அதை நிரூபித்தவர்கள் அதே பெங்களூர் நிலையத்துக்காரர்கள். மறுபடி வேலையைக் கையில் எடுத்து, நேத்ரா என்ற ராடார் விமானத்தைச் செய்து, 2017 பிப்ரவரியில் விமானப்படையிடம் ஒப்படைத்தார்கள். அரக்கோணம் விபத்துக்கு 18 வருஷம் கழித்து. இடையில் மூட்டை கட்டாமல் இருந்திருந்தால் எத்தனை வருஷம் முன்பே வந்திருக்கும்? 110 கோடி டாலரில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? யாராவது ஒரு ராணுவ மந்திரி பதில் சொல்லட்டும்.

நேத்ராவிலும் ஒரு முள் இருக்கிறது. ராடார் நம்முடையது, விமானம் பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் கம்பெனியுடையது. 3 விமானத்துக்கு 2008ல் 20 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். இந்த விற்பனைக்காக இந்தியாவில் ஒரு தரகருக்கு 57 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கைமாறியது, கணக்குப் புத்தகத்தில் அது மறைக்கப்பட்டது என்று 2016 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை மேற்பார்வைக் கமிஷன் குற்றம் சாட்டியது. பல நாடுகளில் செய்த இது போன்ற காரியங்களுக்காக அந்தக் கம்பெனி 20 கோடி 50 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக் கொண்டது. நம் சி.பி.ஐ.யும் அதே மாதம் வழக்குப் பதிவு செய்தது.

57 லட்சத்து 60 ஆயிரம் டாலர் என்றால் அன்றைய மாற்று விலையில் 25 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கையெழுத்துக்கும் இன்னொரு கையெழுத்துக்கும் நடுவில் நடந்து போனதற்குக் கூலி 25 கோடி! அவ்ரோவில் ஏறிச் செத்தவர்களின் மாதச் சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக் கொள்ளுங்கள். தேசப் பாதுகாப்பு ரகசியம் என்கிறார்களே, அந்த ரகசியம் தரகருக்குத் தெரியும், பிரேசில் கம்பெனிக்குத் தெரியும், அமெரிக்கக் கமிஷனுக்குத் தெரியும். அரக்கோணத்து ரயில்வே தொழிலாளிக்கும் பூந்தமல்லி மில் தொழிலாளிக்கும் மட்டும் தெரியக் கூடாதாம்!

அந்தப் பழைய அவ்ரோக்களுக்குப் பதில் வேறு வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது எப்போது? 2021 செப்டம்பரில். கான்பூரில் முதல் அவ்ரோ பறந்து 60 வருஷம் ஆன பிறகு. 56 விமானத்துக்கு 21,935 கோடி ரூபாய். அதில் 40ஐ இந்தியாவில் பூட்டும் வேலை பொதுத்துறையான ஹிந்துஸ்தான் ஏரோநாடிக்ஸுக்குப் போகவில்லை. டாடாவுக்குப் போயிற்று. ஏர் இந்தியாவும் 2022 ஜனவரியில் டாடாவுக்கே போயிற்று. அடுத்த ராடார் விமானங்களுக்கு ஏர் இந்தியாவின் 6 ஏர்பஸ் விமானங்களை எடுத்துக் கொள்ள ஏறக்குறைய 11,000 கோடி ரூபாய்த் திட்டம் என்று 2021ல் அறிவித்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லாப்பெட்டி ஒரே திசையில் நிற்கிறது.

மாலையும் விலங்கும்

நம் தோழர்களிலேயே சிலர் என்னோடு தர்க்கம் செய்வதுண்டு. "ராணுவ விமானம் விழுந்தால் நமக்கென்ன? ஆளும் வர்க்கத்தின் ஆயுதம்தானே? அந்த 8 பேரும் பெரிய உத்தியோகஸ்தர்கள்தானே?" என்பார்கள். இது வறட்டுப் பேச்சு. ஆயுதம் யாருடையது என்ற கேள்வி ஒன்று. அதைச் செய்கிறவனும் சோதித்துப் பார்க்கிறவனும் யார் என்ற கேள்வி வேறு. சம்பளத்துக்குத் தன் மூளையையும் கையையும் விற்றுப் பிழைக்கிறவன், மேலே இருந்து வந்த உத்தரவுக்கு அவ்ரோவில் ஏறினவன், வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் போனவன், அவன் யார் பக்கம்? அவனை எதிரியிடம் தள்ளிவிட்டு நாம் யாரை வைத்துக் கொண்டு சங்கம் நடத்துவது?

எதிர்ப்பக்கத்துத் தேசபக்தர்களுக்கு இதைவிடச் சூடாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விபத்து நடந்தால் "தியாகிகள்" என்று மாலை போடுகிறார்கள். உயிரோடு இருக்கும் பாதுகாப்புத் தொழிலாளிக்கு என்ன போட்டார்கள்? ஆவடித் தோழர்களைக் கேளுங்கள். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, சிப்பாய்களுக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை, மூன்றும் நமக்குப் பக்கத்தில். நாடு முழுவதும் இப்படி 41 தொழிற்சாலைகள் சர்க்கார் இலாகாவாக இருந்தன. 2021 அக்டோபர் 1ந் தேதி அவற்றை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். டாங்கியும் எஞ்சினும் ஒரு கம்பெனிக்கு, உடுப்பு வேறொரு கம்பெனிக்கு. சங்கங்கள் ஸ்டிரைக் செய்வோம் என்றன. சர்க்கார் முந்திக் கொண்டு ஜூன் 30ந் தேதியே அவசரச் சட்டம் போட்டது, ஆகஸ்டில் அதையே பார்லிமெண்டில் சட்டமாக்கியது. ஸ்டிரைக் செய்தால் 1 வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். தூண்டினால் 2 வருஷம், 15,000 ரூபாய். அதில் ஒரு விஷமத்தைப் பாருங்கள். அவசியமென்று அவர்கள் சொல்கிற ஓவர்டைம் வேலையைச் செய்ய மறுத்தால் அதுவும் ஸ்டிரைக்! ஒரு வருஷத்துக்கான சட்டம்தான் என்று சமாதானம் சொன்னார்கள். அந்த ஒரு வருஷத்தில்தான் 41 தொழிற்சாலையும் கைமாறின. கதவைத் திருடும் நேரத்துக்கு மட்டும் நாயைக் கட்டிப் போட்டால் போதாதா?

இதற்கும் ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. "இந்த மிஷின் சரியில்லை, இதை ஓட்ட மாட்டேன்" என்று சொல்லும் உரிமை தொழிலாளியின் உயிர் காக்கும் உரிமை. தறிக்காரனுக்கு அது வேண்டும், டாங்கி செய்கிறவனுக்கு வேண்டும், சோதனை விமானத்தில் ஏறுகிற எஞ்சினீயருக்கும் வேண்டும். வாயைக் கட்டிய இடத்தில் பழுது பேசாது, ஒருநாள் வெடித்துக் காட்டும். 1979லும் 1980லும் அமெரிக்காவின் பொய் எச்சரிக்கை ஊர் அறிய வெளியே வந்ததால் கேள்வி கேட்டார்கள், விசாரித்தார்கள், எந்திரத்தைத் திருத்த வேண்டி வந்தது. ஏகாதிபத்திய நாட்டிலேயே அவ்வளவு கேட்க முடிந்தது. நாம் கேட்டால் துரோகிப் பட்டம்.

ஆகவே பூந்தமல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் உழைப்பாளி மக்கள் கேட்க வேண்டியது இது. 1999 ஜனவரி 11 விபத்தின் விசாரணை அறிக்கையை, ராடார் ரகசியம் ஏதாவது இருந்தால் அந்த வரிகளை மட்டும் நீக்கிக் கொண்டு, தமிழில் அச்சிட்டு வெளியிடு. அவ்ரோவின் முதுகில் அந்தத் தட்டை ஏற்றலாம் என்று கையெழுத்திட்டவர் யார், வேறு விமானம் ஏன் கொடுக்கவில்லை, விபத்துக்குப் பிறகு திட்டத்தை மூடச் சொன்னது யார் என்று பார்லிமெண்டில் பதில் சொல். எம்ப்ரேயர் தரகு வழக்கில் பணம் யார் பைக்குப் போனது என்பதை முழுவதும் வெளியிடு. புதிய ராடார் விமானங்களின் சோதனைப் பறப்பில் ஏறுகிற எஞ்சினீயருக்கும் சிப்பந்திக்கும், மறுக்கும் உரிமையை எழுத்தில் கொடு. இத்தனைக்கும் மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலை வாசல்களில் ஷிப்டு முடியும் நேரங்களில் தோழர்கள் நிற்பார்கள். படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னும் ஒன்று. அரக்கோணம் ரயிலடியில், தினசரி ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ரயில் ஏறுகிற அந்தப் பிளாட்பாரத்தில், 8 பேரின் பெயரையும் தமிழில் வெட்டி ஒரு கல் வைக்க வேண்டும். பதவிப் பட்டங்கள் வேண்டாம். பெயரும், ஊரும், செய்த வேலையும், தேதியும் போதும்.